உபுண்டு 24.04: வைன் நிறுவ முடியவில்லை, 'ஹெல்ட் புரோக்கன் பேக்கேஜஸ்' என்று நிற்கிறது

பரிதி

வணக்கம் நண்பர்களே,

என் மடிக்கணினியில் உபுண்டு லினக்ஸ் 22.04 இருந்தது. கொஞ்ச நாள் முன்பு 24.04-க்கு மேம்படுத்தினேன். தகராறு எதுவும் இல்லாமல் முடிந்தது. அன்றாட வேலையில் ஒரு குறையும் தெரியவில்லை.

இப்போது வைன் (விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் மென்பொருள்) தேவைப்படுகிறது. அப்பா வருடக்கணக்காகத் தன் குறிப்புகளை ஒரு பழைய விண்டோஸ் நிரலில்தான் எழுதி வந்தார். அந்தக் கணினி நின்றுவிட்டது. கோப்புகளை எடுத்துவிட்டேன், நிரலின் நிறுவியும் கையில் இருக்கிறது. ஆனால் அது 32 பிட் நிரல். அதன் கோப்பு வடிவத்தை வேறு எந்த மென்பொருளும் திறப்பதில்லை. வைனில் ஓட்டி, எல்லாவற்றையும் சாதாரண உரைக்கோப்பாக வெளியே எடுத்துவிட்டால் போதும்.

நான் கொடுத்த கட்டளைகள் (ஆப்ட், டிபிகேஜி இரண்டும் பேக்கேஜ்களை, அதாவது மென்பொருள் பொதிகளை, நிறுவும் கருவிகள்; ஐ386 என்பது 32 பிட் வகை):

சூடோ டிபிகேஜி --ஆட்-ஆர்க்கிடெக்சர் ஐ386
சூடோ ஆப்ட் அப்டேட்
சூடோ ஆப்ட் இன்ஸ்டால் வைன் வைன்32:ஐ386

முதல் இரண்டும் சரியாக ஓடின. மூன்றாவதில், வைன்32:ஐ386-க்கு லிப்வைன்:ஐ386 தேவை, ஆனால் அது நிறுவப்படப் போவதில்லை என்கிறது. கீழே கடைசி வரி: 'யூ ஹேவ் ஹெல்ட் புரோக்கன் பேக்கேஜஸ்'.

பதிப்பு மாறாமல் பிடித்து வைத்த (ஹோல்டு) பேக்கேஜ்களைக் காட்டும் ஆப்ட்-மார்க் ஷோஹோல்டு ஓட்டிப் பார்த்தேன், காலியாக வந்தது. ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால் என்று கொடுத்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று திரும்பிவிடுகிறது. தேடினால் ஆளுக்கொரு கட்டளை சொல்கிறார்கள். அப்பாவின் கோப்புகள் இதே கணினியில் இருப்பதால் எதையும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்ட மனமில்லை. எங்கிருந்து தொடங்குவது?

---

மருதன்

ஆப்டிட்யூட் நிறுவி, அதில் அதே பேக்கேஜைக் கேட்டுப் பாருங்கள். ஆப்ட் மாதிரி முடியாது என்று நின்றுவிடாமல் சில தீர்வுகளைக் காட்டும். 'என்' அழுத்தினால் அடுத்த தீர்வைக் காட்டும். ஒரு தீர்வில் நீக்கும் பட்டியல் நீளமாக இருந்தால் அதை ஏற்க வேண்டாம்.

---

தாழை

பரிதி, முதலில் அந்தக் கோப்புகளை ஒரு யுஎஸ்பியிலோ வேறு வட்டிலோ நகல் எடுத்துவிடுங்கள். நாம் செய்யப்போவது ஆபத்தான வேலை இல்லை. ஆனாலும் அப்பாவின் எழுத்து ஒரே இடத்தில் மட்டும் இருக்கக் கூடாது.

நான் ஒரு பள்ளியின் கணினி அறையைப் பார்த்துக்கொள்கிறேன். அங்கே எல்லாமே டெபியனும் உபுண்டுவும்தான். இந்தப் பிழையை அடிக்கடி பார்க்கிறேன். நீங்கள் எழுதியிருக்கும் வெளியீட்டில் காரணம் இல்லை. ஆப்ட் மேலே இருக்கும் ஒரு படியை மட்டும் காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. முடிச்சு கீழே எங்கேயோ இருக்கிறது.

கடைசி வரியை நம்பி ஹோல்டு தேட வேண்டாம். ஷோஹோல்டு காலியாக வந்ததோடு அந்தச் சந்தேகம் தீர்ந்தது. நீங்கள் கேட்டதையும் கணினியில் ஏற்கெனவே இருப்பதையும் சேர்த்து வைக்க வழி கிடைக்காதபோது ஆப்ட் இந்த வரியைத்தான் எழுதும், யாரும் எதையும் பிடித்து வைக்காவிட்டாலும். --ஃபிக்ஸ்-புரோக்கன் உதவாததற்கும் காரணம் இருக்கிறது. பாதியில் நின்றுபோன நிறுவலைச் சரிசெய்யத்தான் அந்தக் கட்டளை. உங்கள் கணினியில் இப்போது எதுவும் பாதியில் நிற்கவில்லை.

செய்ய வேண்டியது ஒவ்வொரு படியாகக் கீழே இறங்குவது. எந்தப் பேக்கேஜ் நிறுவப்படப் போவதில்லை என்று சொல்கிறதோ, அடுத்து அதன் பெயரையே கேளுங்கள்:

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் --சிமுலேட் லிப்வைன்:ஐ386

--சிமுலேட் என்று சேர்த்தால் ஆப்ட் கணக்கை மட்டும் போட்டுக் காட்டும், கணினியில் ஒன்றையும் தொடாது. டிபென்டன்சி (ஒரு பேக்கேஜுக்கு இன்னொன்று தேவைப்படுவது) சிக்கலில் இருக்கும்போது எந்தக் கட்டளையையும் முதலில் இப்படி ஓட்டிப் பார்ப்பதை நான் ஒருபோதும் விடுவதில்லை. பள்ளி மாணவர்களுக்கு ஆப்ட் சொல்லித் தரும்போதும் இன்ஸ்டாலுக்கு முன்பே சிமுலேட்டைத்தான் சொல்லித் தருகிறேன்.

இதற்கு ஒரு பட்டியல் வரும். லிப்வைனுக்குக் கீழே ஜிஸ்ட்ரீமர், ஜிலிப் என்று பல லைப்ரரிகள் (பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் துணைக்கோப்புகள்) இருக்கும். ஜிலிப்பை முதலில் எடுங்கள், மற்றவற்றில் பல அதன் மேல்தான் நிற்கின்றன. 24.04-இல் அதன் பெயர் லிப்ஜிலிப்2.0-0டி64. அந்த டி64 வாலைப் பார்த்து மிரள வேண்டாம். வினாடிகளை 32 பிட்டில் எண்ணும் கணக்கு 2038 ஜனவரி 19 அன்று நிரம்பிவிடும். அதற்கு முன்னேற்பாடாக நேரத்தை 64 பிட்டுக்கு மாற்றும் வேலையில் டெபியனும் உபுண்டுவும் நூற்றுக்கணக்கான லைப்ரரிகளின் பெயரை மாற்றின. ஐ386-இல் மட்டும் பழைய நிரல்கள் தொடர்ந்து ஓட வேண்டுமென்று நேரக் கணக்கைத் தொடாமல் பெயரை மட்டும் மாற்றினார்கள். இணையத்தில் கிடைக்கும் 22.04 காலத்துக் குறிப்புகள் பல இப்போது பொருந்தாமல் போவதற்கு இந்தப் பெயர் மாற்றமும் ஒரு காரணம்.

இப்படி இறங்கிக்கொண்டே போனால் ஓரிடத்தில் செய்தி மாறும். 'நிறுவப்படப் போவதில்லை' என்பது போய், 'பிரேக்ஸ்' என்ற சொல்லும், ஒரே பேக்கேஜுக்கு இரண்டு பதிப்பு எண்களும் தெரியும். அங்கே நில்லுங்கள். அந்தப் பேக்கேஜின் பெயரை 64 பிட்டுக்கும் 32 பிட்டுக்கும் சேர்த்து விசாரியுங்கள். அதற்கு ஆப்ட் பாலிசி கட்டளை. பெயரை ஒருமுறை வெறுமனே கொடுங்கள், இன்னொருமுறை பின்னால் :ஐ386 சேர்த்துக் கொடுங்கள். என்ன பதிப்பு இருக்கிறது, எந்தப் பதிப்பு கிடைக்கும், ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று மூன்றையும் அது சொல்லும். இந்த மூன்றும் தெரிந்தால் பெரும்பாலான டிபென்டன்சி சிக்கல் தெளிந்துவிடும். தெரியாமல் எந்தத் தீர்வும் குருட்டாம்போக்குதான். மருதன் சொன்ன ஆப்டிட்யூட் நல்ல கருவி. ஆனால் அது காட்டும் தீர்வுகளில் எது நல்லது என்று முடிவு செய்யவும் இந்தத் தகவல் வேண்டும்.

உபுண்டு 32 பிட்டை விட்டுவிட்டதே, அதனால்தானோ என்று தோன்றலாம். 2019-இல் முழுவதும் விடப்போவதாக அறிவித்தார்கள். வைனும், கணினி விளையாட்டுகளுக்கான ஸ்டீமும் நின்றுபோகும் என்று எதிர்ப்பு வந்ததும், தேர்ந்தெடுத்த 32 பிட் லைப்ரரிகளைத் தொடர்வதாக மாற்றிக்கொண்டார்கள். வைனுக்கு வேண்டியவை 24.04-இலும் இருக்கின்றன. எனவே காரணம் அதுவல்ல.

ஒரு கேள்வி. 22.04-இல் இருந்தபோது பிபிஏ (உபுண்டுவின் சொந்தக் களஞ்சியத்துக்கு வெளியே, தனிநபர்களோ குழுக்களோ பேக்கேஜ்களைத் தரும் கூடுதல் களஞ்சியம்) ஏதாவது சேர்த்திருந்தீர்களா?

---

நொச்சி

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கும் ஆப்ட் நிறுவ மாட்டேன் என்கிறது, ஆனால் வேறு பிழை. லாக்-ஃபிரன்ட்எண்டு கோப்பைப் பிடிக்க முடியவில்லை என்று வருகிறது. அந்த லாக் கோப்பை அழித்துவிடலாமா?

---

தாழை

நொச்சி, அழிக்க வேண்டாம். அதே செய்தியில் யார் பிடித்திருக்கிறார்கள் என்று புராசஸ் எண்ணும் பெயரும் இருக்கும். 'அன்அட்டெண்டட்-அப்கிர்' என்று இருந்தால், பாதுகாப்புப் புதுப்பிப்புகளை உபுண்டு தானாகவே நிறுவிக்கொண்டிருக்கிறது. முடியும்வரை பொறுங்கள். லாக் கோப்பை அழித்தால் இரண்டு நிறுவல்கள் ஒரே நேரத்தில் ஒரே தரவுத்தளத்தில் எழுதும். நடுவே மின்சாரம் போய் நின்றிருந்தால், கணினியை மறுதொடக்கம் செய்துவிட்டு சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ ஓட்டுங்கள். அதற்கும் மசியாவிட்டால் தனி இழையில் முழுச் செய்தியையும் போடுங்கள், பார்க்கலாம்.

---

பரிதி

தாழை அக்கா, நகல் எடுத்துவிட்டேன். நீங்கள் சொன்னபடியே இறங்கினேன்.

லிப்வைன்:ஐ386 கேட்டால் பெரிய பட்டியல். அதில் லிப்ஜிலிப்2.0-0டி64:ஐ386 இருந்தது. அதைக் கேட்டால் லிப்பிசிஆர்இ2-8-0:ஐ386 வேண்டும் என்றது. அதைத் தனியாகக் கேட்டபோது நீங்கள் சொன்ன 'பிரேக்ஸ்' வந்தது. லிப்பிசிஆர்இ2-8-0-க்கு லிப்பிசிஆர்இ2-8-0:ஐ386 ஒத்துவராது, 10.44 இல்லாமல் 10.42 நிறுவப்படப்போகிறது என்ற பொருளில்.

ஆப்ட் பாலிசி இப்படிச் சொல்கிறது:

லிப்பிசிஆர்இ2-8-0
இருப்பது: 10.44-1+உபுண்டு22.04.1
கிடைக்கக்கூடியது: அதே 10.44
பதிப்பு வரிசையில் 10.44-க்கு எதிரே 100, வார்/லிப்/டிபிகேஜி/ஸ்டேட்டஸ் என்று மட்டும்
அடுத்து 10.42-4உபுண்டு2, எதிரே 500, நோபிள்/மெயின்

லிப்பிசிஆர்இ2-8-0:ஐ386
இருப்பது: ஏதுமில்லை
கிடைக்கக்கூடியது: 10.42-4உபுண்டு2

ஆமாம், 22.04-இல் ஒரு நிரலாக்க மொழியின் புதிய பதிப்புக்காக ஒரு பிபிஏ சேர்த்திருந்தேன். மேம்படுத்தும்போது அது தானாகவே அணைக்கப்பட்டது. அதனால் அந்த விஷயம் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

---

வேங்கை

சிக்கல் தெளிவாகத் தெரிகிறதே. 10.44-ஐ நீக்கிவிட்டு 10.42 போட்டால் முடிந்தது. நீக்க விடாவிட்டால் டிபிகேஜி -ஆர் --ஃபோர்ஸ்-டிபென்ட்ஸ் கொடுத்து எடுத்துவிடுங்கள். அப்புறம் ஆப்ட் இன்ஸ்டால் கொடுத்தால் களஞ்சியத்தில் இருக்கும் பதிப்பு வந்துவிடும்.

---

தாழை

பரிதி, தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். வேங்கை, 10.42-க்குப் போக வேண்டும் என்பது சரி. ஆனால் இந்த லைப்ரரியை ஒரு நொடிகூட எடுக்க முடியாது.

லிப்பிசிஆர்இ2 என்பது எழுத்துக்கோவைத் தேடலுக்கான லைப்ரரி. எங்கோ ஓரமாகக் கிடப்பது மாதிரி தெரியும். ஆனால் லிப்செலினக்ஸ்1 இதன் மேல் நிற்கிறது. எல்எஸ், சிபி, எம்வி, டார், டிபிகேஜி எல்லாம் லிப்செலினக்ஸின் மேல் நிற்கின்றன. கணினியை எழுப்பும் சிஸ்டம்டியும் அப்படித்தான். இதை வலுக்கட்டாயமாக எடுத்த அடுத்த நொடியில் டிபிகேஜியே ஓடாது. திரும்ப நிறுவ வேண்டிய கருவியே நின்றுபோய்விடும். மறுதொடக்கம் செய்தால் கணினி எழும்பாது. என்னிடம் இப்படி ஒரு கணினி வந்திருக்கிறது. லைவ் யுஎஸ்பியில் ஏறி, வெளியிலிருந்து அந்த லைப்ரரிக் கோப்பைப் பழைய இடத்தில் வைத்த பிறகுதான் அதற்கு உயிர் வந்தது.

ஃபோர்ஸ் என்று தொடங்கும் எந்த விருப்பத்தையும், அந்தப் பேக்கேஜின் மேல் என்னென்ன நிற்கின்றன என்று பார்க்காமல் யாருக்கும் சொல்லக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். ஆப்ட்-கேச் ஆர்டிபென்ட்ஸ் --இன்ஸ்டால்டு என்று பேக்கேஜின் பெயரோடு கொடுத்தால் பட்டியல் வந்துவிடும், ஒரு நிமிட வேலை.

சரி, நடந்தது என்ன என்று இப்போது தெரிகிறது. பதிப்பு எண்ணின் வாலிலேயே உபுண்டு22.04 என்று எழுதியிருக்கிறது பாருங்கள். 22.04-இல் பிபிஏவிலிருந்து 10.44 வந்தது. 24.04-க்கு மேம்படுத்தியபோது பிபிஏவை உபுண்டு அணைத்தது, ஆனால் அதிலிருந்து வந்த பேக்கேஜ்களை எடுக்கவில்லை. 24.04-இல் இருப்பதோ 10.42. ஏற்கெனவே இருப்பது அதைவிடப் புதியது என்பதால் ஆப்ட் அதை அப்படியே விட்டுவிட்டது. ஆப்ட் தானாக ஒருபோதும் பழைய பதிப்புக்கு இறங்காது. எதிரே இருக்கும் 100 என்ற எண்ணுக்குப் பொருள், இந்தப் பதிப்பு இப்போது எந்தக் களஞ்சியத்திலும் இல்லை, உங்கள் கணினியில் மட்டும்தான் இருக்கிறது என்பது. 500 என்பது களஞ்சியத்தின் வழக்கமான முன்னுரிமை.

இதுவரை வலிக்காமல் இருந்ததற்குக் காரணம், 64 பிட்டில் 10.44 நன்றாகவே வேலை செய்கிறது. 32 பிட் பதிப்பைக் கேட்டதும்தான் மோதுகிறது. ஒரே லைப்ரரியை இரண்டு கட்டமைப்புக்கும் சேர்த்து நிறுவும்போது இரண்டின் பதிப்பு எண்ணும் கடைசிப் புள்ளிவரை ஒன்றாக இருக்க வேண்டும் என்பது டிபிகேஜியின் விதி. இரண்டு மாடு பூட்டிய வண்டி மாதிரி, ஒன்று மட்டும் முன்னே போக முடியாது. ஆவணக் கோப்புகள் போன்ற சிலவற்றை இரண்டு பேக்கேஜும் ஒரே இடத்தில் பகிர்ந்துகொள்கின்றன. பதிப்பு வேறானால் அந்தக் கோப்புகளும் வேறாகிவிடும், யாருடையதை வைப்பது என்ற கேள்வி வந்துவிடும். அதற்காகத்தான் இந்த விதி. உங்களிடம் 64 பிட்டுக்கு 10.44 இருக்கிறது. 32 பிட்டுக்கு 10.44 எங்கேயும் இல்லை. ஆப்ட் நின்ற இடம் இதுதான்.

தீர்வு, நீக்காமல் ஒரே மூச்சில் இறக்குவது. லைப்ரரி இல்லாத இடைவெளியே வராது, பழைய கோப்பின் இடத்தில் புதியது நேராக உட்காரும்:

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் --சிமுலேட் லிப்பிசிஆர்இ2-8-0/நோபிள்

சாய்கோட்டுக்குப் பின்னால் வெளியீட்டின் பெயரைக் கொடுத்தால், அந்த வெளியீட்டில் இருக்கும் பதிப்பை எடு என்று பொருள். 24.04-இன் பெயர் நோபிள். முதலில் சிமுலேட்டோடு ஓட்டி, நீக்கப்படும் பேக்கேஜ்களின் பட்டியலை அப்படியே இங்கே ஒட்டுங்கள்.

---

மருதன்

வேறொரு வழியும் இருக்கிறது. ஆப்டின் பிரிஃபரென்ஸ் கோப்பில், உபுண்டுவிலிருந்து வரும் எல்லாவற்றுக்கும் 1001 முன்னுரிமை கொடுத்துவிட்டு ஃபுல்-அப்கிரேடு ஓட்டினால், பிபிஏவிலிருந்து மிஞ்சிய எல்லாமே ஒரே அடியில் நோபிள் பதிப்புக்கு இறங்கிவிடும்.

பரிதி, 32 பிட் வைன் உடனே வேண்டுமென்றால் ஃபிளாட்பேக்கில் பாட்டில்ஸ் என்று ஒன்று இருக்கிறது. கணினியின் லைப்ரரிகளைச் சாராமல் தனியாக ஓடும்.

---

தாழை

மருதன் சொன்ன 1001 உண்மையில் வேலை செய்யும். முன்னுரிமை 1000-ஐத் தாண்டினால் பழைய பதிப்புக்கு இறங்கவும் ஆப்ட் சம்மதிக்கும். ஆனால் எதையெல்லாம் இறக்கப்போகிறது என்று முழுப் பட்டியலையும் படிக்காமல் அதைச் செய்ய எனக்கு மனம் வராது. லைப்ரரியை இறக்குவதில் பெரும்பாலும் சிக்கல் இல்லை. மரியாடிபி, போஸ்ட்கிரெஸ் மாதிரி தரவை வட்டில் தன் வடிவத்தில் எழுதி வைக்கும் மென்பொருள் அந்தப் பட்டியலில் இருந்தால் கதை வேறு. புதிய பதிப்பு எழுதிய தரவைப் பழைய பதிப்பால் படிக்க முடியாமல் போகலாம். அப்புறம் அந்த 1001 கோப்பை எடுக்க மறந்தால், நாளைக்கு நீங்களே விரும்பிச் சேர்க்கும் ஒரு புதிய பதிப்பையும் அது இறக்கிவிடும்.

ஃபிளாட்பேக் வழி கோப்புகளைத் திறக்கப் போதும், அதில் தவறில்லை. அவசரம் என்றால் முதலில் அதைச் செய்யுங்கள். ஆனால் இந்த முரண்பாடு அப்படியே உள்ளே கிடக்கும். நாளை ஸ்டீமையோ வேறு 32 பிட் நிரலையோ நிறுவும்போது இதே சுவரில்தான் முட்டுவீர்கள்.

---

பரிதி

அவசரம் ஒன்றுமில்லை, சரியாகவே செய்துவிடலாம். சிமுலேட் முடிவு:

பழைய பதிப்புக்கு இறங்குவது: லிப்பிசிஆர்இ2-8-0
நீக்கப்படுவது: லிப்பிசிஆர்இ2-டெவ், லிப்ஜிலிப்2.0-டெவ், லிப்செலினக்ஸ்1-டெவ், இன்னும் சில டெவ் பேக்கேஜ்கள்

டெவ் பேக்கேஜ்களை வைத்து நான் நிரல்களைக் கம்பைல் செய்வதுண்டு. நீக்கவிட்டுத் திரும்ப நிறுவலாமா?

---

தாழை

நீக்க வேண்டிய அவசியமே இல்லை. லிப்பிசிஆர்இ2-டெவ்வும் பிபிஏவிலிருந்து வந்த 10.44. தன்னோடு இருக்கும் லைப்ரரி அச்சு அசலாக அதே 10.44-ஆக இருக்க வேண்டும் என்று அது கேட்கிறது. நீங்கள் லைப்ரரியை மட்டும் இறக்கச் சொன்னதால், டெவ்வை என்ன செய்வதென்று தெரியாமல் ஆப்ட் அதைக் கழற்றுகிறது. டெவ் போனால் அதை நம்பியிருக்கும் ஜிலிப்பின் டெவ்வும் போகிறது. ஒரே மூலத்திலிருந்து பிறந்தவை எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்:

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் --சிமுலேட் லிப்பிசிஆர்இ2-8-0/நோபிள் லிப்பிசிஆர்இ2-16-0/நோபிள் லிப்பிசிஆர்இ2-32-0/நோபிள் லிப்பிசிஆர்இ2-போசிக்ஸ்3/நோபிள் லிப்பிசிஆர்இ2-டெவ்/நோபிள்

நீக்கப்படும் பட்டியல் காலியாக வரவேண்டும். ஐந்தும் இறங்கும் பட்டியலில் வரவேண்டும். அப்படி வந்தால் மட்டும் --சிமுலேட்டை எடுத்துவிட்டு ஓட்டுங்கள். தொடரலாமா என்று கேட்கும்போது இன்னொருமுறை படித்துவிட்டுச் சம்மதம் சொல்லுங்கள். முடிந்ததும் ஆப்ட் அப்டேட், ஆப்ட் அப்கிரேடு. நோபிளுக்கு வந்திருக்கும் பாதுகாப்புத் திருத்தம் ஏதாவது இருந்தால் இனி அது தடையில்லாமல் வந்து சேரும். இதுவரை அந்த லைப்ரரிக்கு ஒரு திருத்தமும் வந்திருக்காது, ஏனென்றால் அது எந்தக் களஞ்சியத்தோடும் தொடர்பில்லாமல் கிடந்தது. வைன் ஓடாததைவிட இதுதான் எனக்குக் கவலை.

பிறகு வைனை நிறுவுங்கள்.

---

பரிதி

நீக்கப்படும் பட்டியல் காலி. ஐந்தும் 10.42-க்கு இறங்கின. அதன்பின் வைன்32:ஐ386 ஒரு கேள்வியும் கேட்காமல் ஏறியது. அப்பாவின் நிரலும் திறந்துவிட்டது! எழுத்துரு மட்டும் கொஞ்சம் கோணலாகத் தெரிகிறது, ஆனால் ஏற்றுமதி சரியாக நடக்கிறது. முதல் குறிப்பேட்டை உரைக்கோப்பாக எடுத்து அப்பாவிடம் காட்டினேன். மிக்க நன்றி அக்கா, மருதன், வேங்கை, எல்லோருக்கும்.

ஒரு கடைசிக் கேள்வி. அந்தப் பிபிஏவிலிருந்து இன்னும் எத்தனை பேக்கேஜ்கள் இப்படி ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று எப்படிப் பார்ப்பது? பிபிஏ-பர்ஜ் ஓட்டினால் எல்லாம் போய்விடும் என்கிறார்கள்.

---

தாழை

அப்பாவின் குறிப்புகள் வெளியே வந்ததில் எனக்கும் மிகுந்த மகிழ்ச்சி. உரைக்கோப்புகளைச் சேமிக்கும்போது யூனிகோடு வடிவில்தான் இருக்கின்றனவா என்று ஒன்றிரண்டைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

பிபிஏ-பர்ஜ் இங்கே உதவாது. பிபிஏ இயங்கிக்கொண்டிருக்கும்போது அதன் பட்டியலைப் படித்துத்தான் அது வேலை செய்யும். உங்களுடையது அணைந்துவிட்டது, அதுவும் 22.04-க்கானது. பதிலாக ஆப்ட் லிஸ்ட் --இன்ஸ்டால்டு ஓட்டி, 'இன்ஸ்டால்டு, லோக்கல்' என்று குறிப்பு இருக்கும் வரிகளை மட்டும் கிரெப் செய்து எடுங்கள். எந்தக் களஞ்சியத்திலும் இல்லாத பதிப்புகள் அவைதான்.

பட்டியலைப் பார்த்து எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டாம். டெப் கோப்பாக நீங்களே தரவிறக்கி நிறுவியவையும் அதில் வரும், அவை இருக்கட்டும். பதிப்பு எண்ணில் 22.04 என்ற வால் இருப்பவற்றை மட்டும் ஒவ்வொன்றாக ஆப்ட் பாலிசியில் கேளுங்கள். நோபிளில் அதே பெயர் இருந்தால் இன்று செய்ததுபோல இறக்குங்கள். நோபிளில் பெயரே இல்லாவிட்டால், அதன் மேல் எது நிற்கிறது என்று பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்றால் ஆப்ட் ரிமூவ். அந்த நிரலாக்க மொழியின் புதிய பதிப்பு இன்னும் வேண்டுமென்றால் வேறு முடிவு எடுக்க வேண்டும். 24.04 தரும் பதிப்பே போதுமா என்று முதலில் பாருங்கள், பெரும்பாலும் போதும்.

பிபிஏவின் கோப்பு எட்சி/ஆப்ட்/சோர்சஸ்.லிஸ்ட்.டி அடைவில் இன்னும் கிடக்கும். வேண்டாம் என்று முடிவு செய்தால் அதையும் எடுத்துவிடுங்கள். லோக்கல் பட்டியலில் சந்தேகமானது ஏதாவது இருந்தால் இங்கேயே ஒட்டுங்கள், நாளை மாலை பார்க்கிறேன்.